அன்ஸோரின் வண்டி ஏன் பிடியை விட்டது

என் தம்பி மல்காஸ் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேலைக்காரன். ஜார்ஜியா நாட்டில், ருஸ்தவியில் கார்ச் சந்தைக்குப் பின்னால் உள்ள பட்டறை வரிசையில் பதினேழாம் எண் அவனுடையது. பதினாறாம் எண்ணில் நான் வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிறேன். நடுச்சுவரில் ஒரு கதவு வெட்டியிருக்கிறோம். அவன் பக்கம் ஒரு நட்டு கீழே விழுந்தாலும் எனக்குக் கேட்கும். என் பெயர் சியூரி. எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன், ஆனால் எதையும் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. இங்கே வரும் நேரமும் எண்களும் அந்த நோட்டில் இருப்பவை.

மல்காஸ் இந்த வேலைக்கு வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் பள்ளி முடித்த வருடம் இரும்பாலையில் பாதியை மூடிவிட்டார்கள். சந்தையில் வண்டி கழுவப் போனான். அப்போதுதான் போத்தி துறைமுகத்தில் அமெரிக்க வண்டிகளும் ஜப்பான் வண்டிகளும் கப்பல் கப்பலாக வந்து இறங்கத் தொடங்கின. பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இன்ஜினைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் என்றால் இரண்டடி பின்னால் போய்விடுவார்கள். திறந்தால் மூட முடியாது என்று பேச்சு.

என் தம்பி நொறுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கிவந்து என் சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தான். மூன்று வாரம் நாங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் ஒருநாள் பீன்ஸ் குழம்பில் கரண்டியை விட்டுத் துழாவியபடி, "சியூரி, இதுல ஏதோ கடிபடுது. உன் தம்பிக்கு ஒரு ஸ்பிரிங் குறையுதான்னு கேளு" என்றார். நான் கேட்டேன். குறைந்தது உண்மைதான், ஆனால் அது குழம்பில் இல்லை, என் செருப்பில் இருந்தது. பாகங்களை முட்டை அட்டைகளில் அடுக்கி, ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டவள் நான். முதல் தடவை மூடியபோது இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு இரும்புக் குண்டும் மிஞ்சின. இரண்டாம் தடவை ஒரு குண்டு. நான்காம் தடவை அட்டைகளில் எதுவுமே இல்லை. அன்று அவன் அந்த இரும்புப் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு கன்வர்ட்டர். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் இருக்கும். சுற்றிலும் வெல்டிங், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. மல்காஸ் அதை லேத்தில் வைத்து அறுத்து இரண்டாக்கினான். உள்ளே இரண்டு விசிறிகள் எதிரெதிரே எண்ணெயில் மூழ்கிக் கிடந்தன. எனக்கு அவன் இப்படித்தான் விளக்கினான்: இரண்டு மேசை விசிறிகளை முகத்துக்கு முகம் வை. ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடு. அதன் காற்றில் மற்றதும் சுற்றும். ஆனால் கொஞ்சம் பின்தங்கித்தான் சுற்றும். வண்டி நின்ற இடத்திலிருந்து மெதுவாக நகர இந்தப் பின்தங்கல் வேண்டும். நெடுஞ்சாலையில் அது வீண். சூடு, பெட்ரோல் செலவு. அதனால் வேகம் ஒரு நிலைக்கு வந்ததும் ஒரு கிளட்ச் வந்து இரண்டு விசிறிகளையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கிளட்ச்சின் முகத்தை எனக்குத் தொட்டுக் காட்டினான். தைக்கும் தோலின் கனம் விரலுக்குத் தெரியும் எனக்கு. அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

"என்னடா இது, காகிதம் மாதிரி இருக்கு?"

"காகிதமேதான் அக்கா. ரெண்டு டன் வண்டியை இதுதான் இழுக்குது."

நான் கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காலுக்கடியில் ஒரு காகிதம் எங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பேன்.

அந்தப் பிடியை அவன் சோதிக்கும் விதம் பார்க்கப் பார்க்க அலுக்காது. சமமான சாலையில் எண்பது. வலது கால் அசையாது. இடது காலால் பிரேக்கைத் தொடுவான்; வண்டி நிற்கும்படி இல்லை, பின்னால் சிவப்பு விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். விளக்கு எரிந்தால் கிளட்ச் விட்டுவிட வேண்டும் என்பது வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் விதி. விட்டதும் இன்ஜின் முந்நூறு சுற்று துள்ளி ஏறும். காலை எடுத்தால் இரண்டு மூச்சு கழித்து மறுபடி பிடித்து இறங்கும். துள்ளவில்லை என்றால் அது பிடிக்கவே இல்லை. துள்ளியது இறங்கவில்லை என்றால் வேறு கதை. நடுக்கத்தோடு இறங்கினால் இன்னொரு கதை. மற்றவர்கள் இதை மீட்டர் பார்த்துச் சொல்வார்கள். மல்காஸ் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். கியர் பாக்ஸே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று வேறு இடங்களில் சொல்லி அனுப்பிய எத்தனையோ வண்டிகளை, பிரேக் விளக்கு சுவிட்ச் ஒன்றை மாற்றி அனுப்பியிருக்கிறான். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இன்ஜின் அணைகிறது என்று குத்தாயிஸியிலிருந்து ஒரு டாக்டரம்மா வண்டியைக் கட்டி இழுத்து வந்தார். நான்கு பேர் பெட்ரோல் பம்பு என்றிருந்தார்கள். இவன் பத்தடி ஓட்டிவிட்டு, "பிடிச்சது விட மாட்டேங்குது" என்றான். ஒரு வால்வில் முடியளவு இரும்புத் துகள் சிக்கியிருந்தது.

இப்படிப்பட்டவனைத்தான் அன்ஸோரின் வண்டி மண்டியிட வைத்தது.

அன்ஸோர் தலைநகரின் டிடூபே பஸ் நிலையத்திலிருந்து மலை ஊரான கஸ்பேகிக்கு வண்டி ஓட்டுபவன். ஜப்பானிலிருந்து வந்த வேன், டிரைவரைத் தவிர ஒன்பது பேர் உட்காரலாம். செப்டம்பர் முதல் வாரம் வந்தான்.

"மல்காஸ் அண்ணே, வண்டி பிடிக்குது, விடுது. பிடிக்குது, விடுது. பொண்ணு பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி முடிவுக்கே வர மாட்டேங்குது."

எண்ணெய் கறுத்திருந்தது. மல்காஸ் மாற்றிக் கொடுத்தான். பத்து நாளில் அன்ஸோர் திரும்பி வந்தான். இந்தமுறை மல்காஸ் கியர் பாக்ஸை இறக்கி, கன்வர்ட்டரை அறுத்து, கிளட்ச்சுக்குப் புது முகம் ஒட்டி, வெல்டிங் செய்து, சமநிலை பார்த்து ஏற்றினான். ருஸ்தவித் தெருக்களில் இரண்டு மணி நேரம் ஓட்டினான். முப்பது டிகிரி வெயில், சந்தை நெரிசல். ஒரு தடவைகூடத் தவறவில்லை. நானும் கூட இருந்தேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி அன்ஸோர் மூன்றாம் முறை வந்தான். இந்தத் தடவை மாப்பிள்ளைக் கதையெல்லாம் இல்லை. தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"செவ்வாக்கிழமை குதாவுரி இறக்கத்துல வண்டி கையை விட்டுருச்சுண்ணே. இன்ஜின் பிடிச்சு நிறுத்தவே இல்ல. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். பாதியில பொகை. பெடல் பஞ்சு மாதிரி கீழ போகுது. பின்னாடி ஒம்போது பேரு. ஒரு கைக்குழந்தை."

மல்காஸ் வண்டிக்குள் ஏறினான். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினான். பிழை என்று ஒன்றுமே அது காட்டவில்லை. அவன் வண்டியைச் சுற்றி நடந்தான். பதினெட்டாம் எண்ணில் ரேடியேட்டர் வேலை செய்யும் நுக்ஸார் மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, ரெண்டாவது சுத்து. இன்னும் ஒண்ணு போட்டா கல்யாணம் முடிஞ்சுது" என்றார். மற்ற நாளாக இருந்தால் மல்காஸ் பதில் கொடுத்திருப்பான்.

அன்று மதியம் என் மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, இதுக்கும் எனக்கு விடை தெரியலைன்னா பட்டறைப் பலகையைக் கழட்டிடுறேன். போலந்துல நம்ம தெரு ரெஸோ வேலை பார்க்குற கிடங்குல ஆள் எடுக்குறாங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல சீட் சொல்லி வச்சிருக்கேன்."

"ஒரு வண்டிக்காகவாடா?"

"தெரியாம பார்ட் மாத்துறவனையெல்லாம் இருபது வருசமா நக்கல் பண்ணினவன் நான். இப்ப நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன். அவன் அந்த இறக்கத்துல ஒம்போது பேரோட உருண்டு போயிருந்தான்னா?"

தண்ணீர்க் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினேன். அவனுக்கு விளையாட்டுக்குச் சொல்லத் தெரியாது. சீட் சொல்லி வைத்திருக்கிறான் என்றால் பெட்டியும் எடுத்து வைத்திருப்பான்.

மறுநாள் முழுவதும் அவன் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். சாயங்காலம் கதவு வழியாகத் தலையை நீட்டி, "வண்டி என்கிட்ட இருக்கும்போது ஒழுங்கா இருக்கு. அவன்கிட்ட இருக்கும்போதுதான் கெட்டுப்போகுது. அப்ப நான் அவன்கிட்டப் போகணும். அவன் ரோட்டுல, அவன் நேரத்துல, அவன் ஆளுங்களோட. நீயும் வா, நான் சொல்றதை எழுதணும்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டிடூபேயில் ஏறினோம். வெளியே ஐந்து டிகிரி. மல்காஸ் முன்னால், மடியில் ஸ்கேனர். அவனுக்கு நேர் பின்னால் நான், நோட்டோடு. எங்களைத் தவிர ஆறு பேர். அன்ஸோரிடம், இறக்கத்துக்கு முன்னால் குதாவுரியிலேயே ஆட்களை வேறு வண்டிக்கு மாற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தான் மல்காஸ். என் பக்கத்தில், மலைக்கு அப்பால் கோபியில் கடை வைத்திருக்கும் டோடோ என்ற அம்மாள். இரண்டு ஆளின் அகலம், மடியில் மக்ரோனி பாக்கெட்டுகள் நிறைந்த பெரிய அட்டைப்பெட்டி.

"நீ என்ன எழுதுற? போலீஸா?" என்றாள்.

"இல்லம்மா. இந்த வண்டிக்கு உடம்பு சரியில்ல, அதை எழுதுறேன்."

"அப்படின்னா எனக்குப் பாதி டிக்கெட்தான்" என்று அவள் அன்ஸோரின் முதுகைப் பார்த்துக் கத்தினாள்.

அந்த ஸ்கேனரில் ஒரு நேரத்தில் நான்கு வரிகள்தான் தெரியும். மல்காஸ் தேர்ந்தெடுத்தவை: இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் சுற்றில் உள்ள வித்தியாசம், பிடி அல்லது விடு என்ற கம்ப்யூட்டரின் கட்டளை, கியர் எண்ணெயின் சூடு, பிரேக் சுவிட்ச். வித்தியாசம் பூஜ்யம் என்றால் காகிதம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏழு இருபத்தாறு: பூஜ்யம். ஏழு இருபத்தெட்டு: பூஜ்யம். ஏழு முப்பது: இருநூற்று நாற்பது. எனக்கே காலில் தெரிந்தது. வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்திருந்த சட்டையை விட்டதுபோல லேசாகக் குழைந்தது. ஏழு முப்பத்தொன்று: பூஜ்யம். ஏழு முப்பத்திரண்டு: மறுபடி இருநூற்று நாற்பது.

முதல் தடவை விட்டபோது எதிர் மலையில் ஜ்வாரி கோயில் தெரிந்தது. அன்ஸோர் ஸ்டீயரிங்கை விட்டு மூன்று தடவை சிலுவை போட்டான்.

"அன்ஸோர், சிலுவை போடும்போது காலையும் சேர்த்துத் தூக்குறியா?"

"ஐயோ அண்ணே, சாமி சத்தியமா இல்ல."

"அடுத்த கோயிலுக்கு மனசுல போடு. கை அசையக் கூடாது."

அடுத்த கோயிலில் அன்ஸோர் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்து ஓட்டினான். டோடோ அவனுக்காகவும் சேர்த்து ஆறு தடவை போட்டாள். வண்டி அப்போதும் விட்டது. பிரேக் சுவிட்ச்சின் வரி அசையவே இல்லை.

மல்காஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரிடமும் இல்லாமல், "நழுவலை" என்றான்.

"என்ன?"

"கிளட்ச் நழுவலை அக்கா. பாரு, முதல்ல கட்டளை மாறுது, அப்புறம்தான் வித்தியாசம் வருது. விடுன்னு சொல்றாங்க, அது விடுது. பிடின்னா பிடிக்குது. அது சொன்ன பேச்சு கேட்குது. நான்தான் அதைப் போய் அறுத்திருக்கேன்." அவன் காது சிவந்திருந்தது. "யாரு விடச் சொல்றா? ஏன்?"

ஜின்வாலி ஏரியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தோம். ஏரி மேல் பனிமூட்டம். டோடோ முன்னால் சாய்ந்தாள்.

"ஏம்ப்பா டிரைவர், ஹீட்டர் போட மாட்டியா? முழங்கால் மரத்துப்போச்சு."

"போட்டுத்தான் இருக்கேன்."

"இதுவா ஹீட்டர்? இதுல மீன் வச்சா ஒரு வாரம் கெடாது!"

என் தம்பியின் பின்னந்தலையை நான் ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன். அது நின்றது. அவன் கையை மெதுவாக நீட்டி ஹீட்டர் துவாரத்தின் முன் வைத்தான். வைத்தபடியே, மற்றக் கையால், ஸ்கேனரில் கியர் எண்ணெய் வரியை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தான். இன்ஜின் தண்ணீரின் சூடு.

"எழுது அக்கா. அறுபத்தாறு, பிடி. அறுபத்திமூணு, பிடி. அறுபத்தொண்ணு, பிடி. ஐம்பத்தொம்போது..."

வண்டி குழைந்தது.

"விடு" என்றேன் நானே.

"அறுபத்திரண்டு, விடு. அறுபத்தஞ்சு..."

காலுக்கடியில் மறுபடி இறுகியது. நாற்பது நாளாக எல்லோரையும் ஆட்டிவைத்த ஒன்று, அவன் வாயிலிருந்து வரும் எண்ணுக்குச் சரியாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை எழுத மறந்துவிட்டேன். என் நோட்டில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

"ஓரமா நிறுத்து" என்றான் மல்காஸ். திரும்பி டோடோவைப் பார்த்தான். "அம்மா, அந்த அட்டைப்பெட்டி வேணும்."

"எதுக்கு? மக்ரோனியை என் தலையிலயா வைப்பேன்?"

"உங்களுக்கு முழங்கால் சூடாகணுமா வேண்டாமா?"

அவள் அவனை ஒரு கணம் எடைபோட்டாள். பிறகு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆறு பேர் மடியிலும் பரப்பினாள். "எண்ணி வச்சிருக்கேன், முப்பத்திரண்டு" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மல்காஸ் பெட்டியைக் கிழித்து விரித்து, முன்னால் போய், குளிர்காற்று படாதபடி ரேடியேட்டருக்கு முன் செருகினான். பனிக்காலத்தில் பழைய லாரிக்காரர்கள் செய்வதுதான். மறுபடி கிளம்பினோம். அறுபத்தேழு. எழுபத்தொன்று. எழுபத்தெட்டு. எண்பத்துநான்கு. பசனாவுரி வரை இருபத்தாறு நிமிடம், சுற்று வித்தியாசத்தின் வரியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வரவில்லை. ஹீட்டரில் அனல் அடித்தது. டோடோ கம்பளியைக் கழற்றினாள்.

"அன்ஸோர், வண்டியில தெர்மோஸ்டாட் இருக்கா?"

அன்ஸோர் வெகுளியாகச் சொன்னான்: "எப்படி இருக்கும்? மே மாசமே நுக்ஸார் மாமா கழட்டிட்டாரே. மலை வண்டி எல்லாத்துக்கும் கழட்டுவாரே."

இதை எங்கள் வரிசையில் அறியாதவர் இல்லை. கோடை தொடங்கினால் மலைக்குப் போகும் வண்டிகள் நுக்ஸார் மாமாவின் வாசலில் நிற்கும். தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கும் அந்தச் சின்ன வால்வைக் கழற்றிவிட்டால் ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்காது. காசு வாங்க மாட்டார், ஒரு கோப்பை காபி போதும். எல்லாரும் அவரை வாழ்த்திவிட்டுப் போவார்கள். பனிக்காலம் வந்தால் ஸ்வெட்டர் எடுத்துப் போடுவதுபோல சிலர் மாட்டிக்கொள்வார்கள், பலர் மறந்தும் போவார்கள். பழைய வண்டிகளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இந்த வண்டியின் கம்ப்யூட்டரோ, இன்ஜின் சூடாகும்வரை கிளட்ச்சைப் பிடிக்கச் சொல்லாது. சந்தை நெரிசலில் தண்ணீர் தொண்ணூறுக்குப் போகும், எல்லாம் சரியாக நடக்கும். குளிர்ந்த காலையில், காற்று முகத்தில் அடிக்கும் சாலையில், அறுபதைச் சுற்றித் தடுமாறும். இறக்கத்தில் இன்னும் குளிர்ந்துபோகும், கிளட்ச் விட்டுவிட்டால் இன்ஜினால் வண்டியை இழுத்துப் பிடிக்க முடியாது. அந்த வண்டி மலையில் குளிர் தொடங்கியதிலிருந்து, இன்னும் விடியவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் இல்லை. குளிருக்கு ஒரு நீல விளக்கு மட்டும், அதுவும் ஐம்பதிலேயே அணைந்துவிடும்.

மல்காஸ் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டான். "அக்கா, அவர் கழட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றான். "நான்தான் டார்ச் பிடிச்சேன்."

குதாவுரியில் ஆட்களை வேறு வண்டிக்கு மாற்றினோம். டோடோ மக்ரோனியை எண்ணி வாங்கிக்கொண்டாள். அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. அட்டையோடேயே மெதுவாகத் திரும்பி, சாயங்காலம் வரிசைக்கு வந்து சேர்ந்தோம். எல்லாரும் வாசலில்தான் இருந்தார்கள். யார் வீட்டுச் சேதியும் அங்கே மறைவதில்லை. பஸ் சீட் சேதியும் தெரிந்திருந்தது.

என் தம்பி அப்போது பேசாமல் தெர்மோஸ்டாட்டை மாட்டி அனுப்பியிருக்கலாம். அன்ஸோர் கையை முத்தமிட்டுப் போயிருப்பான். ஆனால் மல்காஸ் வரிசைக்கு நடுவில் நின்று சத்தமாகவே சொன்னான்.

"அன்ஸோர், உன் கியர் பாக்ஸ் முதல் நாளிலேர்ந்தே நல்லாத்தான் இருந்துச்சு. நான் அறுத்த கிளட்ச்சும் நல்ல கிளட்ச். ரெண்டு தடவையும் தப்பு என்னோடது. நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கல."

பிறகு தெர்மோஸ்டாட் விஷயத்தையும் சொன்னான். நுக்ஸார் மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் முகம் பழைய ரேடியேட்டரின் செம்பு நிறத்துக்குப் போனது.

"முப்பது வருசமா கழட்டுறேன். ஒரு வண்டி வந்து அழுததில்ல! இப்ப நானா அந்தக் கைக்குழந்தையைக் கொல்லப் பார்த்தேன்?"

"மாமா, நீங்க கழட்டினீங்க. டார்ச் பிடிச்சவன் நான். கியர் பாக்ஸ் தெரிஞ்சவன் நம்ம ரெண்டு பேர்ல யாரு?"

மாமா தன் பட்டறைக்குத் திரும்பி நடந்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் தையல் மேசையில் கவிழ்த்தார். கழற்றிய தெர்மோஸ்டாட்டுகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு, வண்டி எண்ணோடு. நான் எண்ணினேன், நாற்பத்தொன்று. அவர் இவ்வளவு ஒழுங்கு என்று எனக்குத் தெரியாது. அன்ஸோருடையதைத் தேடி எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தோம். எண்பது வரை இரும்புபோல மூடிக் கிடந்தது. எண்பத்திரண்டில், ஆறு மெக்கானிக்குகள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அது மெதுவாக வாயைத் திறந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை, வெறும் வெந்நீர். வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. மாமா இன்னொரு தடவை முக்கச் சொன்னார். பிறகு தன் கையாலேயே அதை வண்டியில் மாட்டினார்.

மல்காஸ் அன்ஸோரிடம் கேட்டான்: "இனிமே என்கிட்ட வருவியா?"

"வேற யாருகிட்டப் போறது? மத்தவன் எவனாவது தப்பு பண்ணினேன்னு சொல்லியிருக்கானா? அப்ப அவங்களுக்கு அது தெரியவே தெரியாதுண்ணே, அதான் பயம்."

மல்காஸ் அதற்குச் சிரிக்கவில்லை. "இறக்கத்தைப் பார்க்காம நான் எதையும் சொல்ல மாட்டேன். ஒம்போது பேர் எடை வேணும். பயணிங்களை ஏத்த மாட்டேன்" என்றான்.

"எடைதானே?" என்றார் நுக்ஸார் மாமா. "நான் ஒருத்தனே ரெண்டு பேரு."

சனிக்கிழமை காலை எங்கள் வரிசையில் எட்டுப் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. டயர்க்காரர், கண்ணாடிக்காரர், பெயின்ட் அடிக்கும் இரட்டையர்கள், எல்லாரும் வேனில் ஏறினார்கள். போகும் வழியெல்லாம் ஒரே கூச்சல். குதாவுரியில் வண்டியைத் திருப்பி இறக்கத்தின் முனையில் நிறுத்தியபோது கூச்சல் நின்றது. கீழே மிலேத்தா பள்ளத்தாக்கு தெரிந்தது. சாலை கொண்டை ஊசிகளாக மடிந்து மடிந்து இறங்கியது.

"ரெண்டாவது கியர்ல போடு" என்றான் மல்காஸ். "கிளம்பு. இப்ப பிரேக்கிலிருந்து காலை எடு."

அன்ஸோர் சிலுவை போட்டான். காலை எடுத்தான்.

வண்டி முன்னால் பாய்ந்தது என்று நினைத்தேன். பாயவில்லை. இன்ஜின் அடித்தொண்டையில் முனகியது. இருக்கைகள் எங்களை மெல்லப் பின்னால் இழுத்ததுபோல இருந்தது. அந்தச் சரிவில், பத்துப் பேரோடு, ஒரு காகிதத்தின் பிடியில், வேன் முப்பத்தைந்தில் நிதானமாக இறங்கியது. என் நோட்டில் எண்பத்திமூன்று, பூஜ்யம், எண்பத்துநான்கு, பூஜ்யம், ஒரு பக்கம் முழுக்க இதேதான். ஐந்தாவது வளைவில் நான் திரும்பிப் பார்த்தேன். இருபது முப்பது வருடம் இரும்போடு வாழ்ந்த அந்த ஆண்கள் கோயிலுக்குள் நிற்பவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

"யாராவது மூச்சு விடுங்கடா, ஜன்னல்கூட மங்கலை" என்றார் நுக்ஸார் மாமா.

அடிவாரத்தில் இறங்கி மல்காஸ் நான்கு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாகத்தான் இருந்தன, பிரேக் கொதிக்கவில்லை. என்னையும் தொடச் சொன்னான்.

பசனாவுரியில் கிங்காலி என்ற கறிக்கொழுக்கட்டை சாப்பிட உட்கார்ந்தோம். தட்டுகள் வருவதற்குள் அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஆற்றின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, அதனால் உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

"நாளைக்குப் போற பஸ்ஸுல என் பேர்ல ஒரு சீட் இருக்கும்... ஆமா, மல்காஸ்... இல்ல, தள்ளிப்போட வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துருங்க."

அவன் வந்து உட்கார்ந்தபோது எல்லாரும் மிளகுப்பொடியைப் பற்றி ரொம்ப அக்கறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் பதினான்கு கிங்காலி தின்றான். தட்டு ஓரத்தில் தின்னாமல் வைத்திருந்த மாவுக் கொண்டைகளை நான் எண்ணினேன். மாமா இருபத்தொன்று. பெயின்ட்காரர் ஒருவர் இன்னொரு தட்டு சொல்லலாமா என்று கேட்கும்போது அன்ஸோர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"கிளம்புங்க, கிளம்புங்க. ஒரு மணிக்கு டிடூபேல எனக்கு ஆளுங்க நிப்பாங்க."